அரங்கு மாறிய ஆட்டம்

கடல் கடந்து வந்து குடியமர்ந்த நம்மவர் இல்லங்களில் பிள்ளைகள் உண்ண மறுப்பது புதிதன்று. ஆயினும் 2008-ஆம் ஆண்டு, ஆனி முடிந்து ஆடி பிறக்கும் தறுவாயில், நம் தம்பி மகன் இரவு உணவை மறுத்துக் கதவை அடைத்துக்கொண்ட காரணத்தைக் கேட்டபோது, வீட்டிலிருந்த பெரியவர் அனைவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவனுக்கு அப்போது வயது பதினான்கு. ‘ஃபைனல் ஃபேண்டசி’ என்னும் விளையாட்டுத் தொடரின் பதின்மூன்றாம் பகுதி சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு மட்டுமே வரும் என்று ஈராண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அச்சொல்லை நம்பி, பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து அவன் அந்தப் பெட்டியை வாங்கியிருந்தான். லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடந்த கண்காட்சியில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கும் அதே ஆட்டம் வரும் என்று அறிவித்துவிட்டார்கள்.

“உன் பெட்டிக்கு வராதா?” என்று கேட்டோம்.

“வரும், பெரியப்பா.”

“பிறகென்ன குறை?”

“அவங்களுக்கும் வருதே!”

சிரித்தோம் என்றோம். அச்சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ‘அவர்களுக்கும் வருகிறதே’ என்னும் இச்சொல்லை நாம் வேறு எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தபோது, கோயில் வாயிலிலும், பள்ளிக்கூடத் திண்ணையிலும், பாகம் பிரிக்கும் பந்தலிலும் அதே குரல் நம் செவியில் ஒலித்தது. பதினான்கு வயதுச் சிறுவன் அதை மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டான், அவ்வளவே வேறுபாடு.

நம் அன்பர்களுள் மூத்தோர் சிலர் இவ்விளையாட்டுகளை அறியாதிருக்கக் கூடும். இவை பந்தாட்டம் போன்றவை அல்ல. ஆடுவோன் ஒரு கதைமாந்தனின் வேடம் பூண்டு, நாடு நகரம் கடந்து, துணைவரைச் சேர்த்து, பல நாள் பல வாரம் அக்கதைக்குள் வாழ்கிறான். இரவு நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் தொடர்கிறான். பாரதக் கூத்தை நாள்தோறும் போய்ப் பார்த்த நம் முன்னோர்க்கு இவ்வியல்பு எளிதில் விளங்கியிருக்கும். ஜப்பானில் 1986-ஆம் ஆண்டு யூஜி ஹோரி என்பார் அமைத்த ‘டிராகன் குவெஸ்ட்’ இவ்வகைக்கு வழிகாட்டி. மறு ஆண்டு ஹிரோனோபு சாகாகுச்சி என்பார் ‘ஃபைனல் ஃபேண்டசி’யைத் தொடங்கினார். இரண்டும் நிண்டெண்டோ நிறுவனத்தின் பெட்டியில் பிறந்தவை. 1988 பிப்ரவரியில் டிராகன் குவெஸ்டின் மூன்றாம் பகுதி ஒரு புதன்கிழமை வெளியானது. கடைகளின் முன் நின்ற நீண்ட வரிசையும், பள்ளிக்குச் செல்லாமல் அவ்வரிசையில் நின்ற மாணவரைக் காவலர் பிடித்ததும் அந்நாட்டில் பெருஞ்செய்தியாயின.

இத்தொடர்கள் ஒரு பெட்டியை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும்போதெல்லாம் பூசல் எழுந்தது. 1996-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஃபைனல் ஃபேண்டசியின் ஏழாம் பகுதி நிண்டெண்டோவை விட்டுச் சோனியின் பெட்டிக்குச் செல்லும் என்று ஸ்குவேர் நிறுவனம் அறிவித்தது. காரணம் எளிது. நிண்டெண்டோ தன் புதிய பெட்டியிலும் பழைய ஓட்டுப்பேழையையே வைத்துக்கொண்டது. அப்பேழைகளுள் மிகப் பெரியது கொண்டது 64 மெகாபைட். ஒரு குறுந்தகடு கொண்டதோ ஏறத்தாழ 650. 1997 ஜனவரி 31-ஆம் நாள் வெளிவந்த அவ்வாட்டத்துக்கு மூன்று குறுந்தகடுகள் வேண்டியிருந்தன. கதை பெரிதாயிற்று, பாத்திரம் கொள்ளவில்லை, பாத்திரத்தை மாற்றினார்கள். இதில் குற்றம் காண்பது எளிதன்று. ஆயினும் இரு நிறுவனங்களுக்கும் இடையே மனம் முறிந்தது. 2003-ஆம் ஆண்டளவில்தான் ஸ்குவேரின் ஆட்டங்கள் மீண்டும் நிண்டெண்டோவின் பெட்டிகளில் தலைகாட்டின. நிறுவனங்களே ஏழாண்டுகள் முகம் திருப்பிக்கொள்ளும்போது, பையன் ஓரிரவு சோறு மறுத்ததை எள்ளி நகையாடுவது முறையா?

இங்கே இரு துயரங்களைப் பிரித்துக் காண வேண்டும். முதலாவது, இழந்தவன் துயரம். நிண்டெண்டோ பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஏழாம் பகுதிக்குக் காத்திருந்த சிறுவனுக்கு அது கிட்டாமலே போயிற்று. மற்றொரு பெட்டி வாங்கும் வசதி அவன் தந்தைக்கு இல்லாதிருக்கலாம். இரண்டாவது, நம் தம்பி மகனுடையது. அவனுக்குரியது குறையவில்லை, பிறரோடு பகிரப்பட்டது. முன்னதைக் கண்டு இரங்குகிறோம். பின்னதைக் கண்டு நகைக்கிறோம். ஆனால் பின்னதிலும் ஒரு நியாயத் துளி கிடக்கிறது என்பதை அன்றிரவு அவன் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் உணர்ந்தோம். ‘இதில் மட்டுமே’ என்று சொன்னவர்கள் அவர்கள். அச்சொல்லை நம்பிப் பொருள் செலவிட்டவன் அவன். எல்லார்க்கும் கொடுப்பது நன்றே. கொடுக்க எண்ணியிருந்தால் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். பையனின் சினத்திலிருந்து பொறாமையை வடித்து எடுத்துவிட்டாலும், அடியில் தங்குவது பொய்த்துப்போன சொல்லின் கசப்பு. அதைத் துடைக்க நம்மிடம் மொழி இல்லை.

இத்தகைய கசப்பு நம் நாட்டுக்கு அயலானதும் அன்று. நம் சொந்த ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டத்தின் கீழ்க்கோடியில், சித்தூர் வட்டத்தில், தமிழகத்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் வறண்ட சீமை. வடகரப்பதி, ஒழலப்பதி என்று ‘பதி’ என முடியும் ஊர்கள் சூழ்ந்த பகுதி. கேரளம் என்றதும் பிறர் எண்ணும் மழையும் காயலும் அங்கே கிடையா. கொங்கு நாட்டுக் காடுகளே அங்கும் நீளும். வீட்டில் தமிழ், அலுவலகப் படிவத்தில் மலையாளம். கமல்ஹாசன் 2013-இல் வெளிவந்த தம் ‘விசுவரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு வரும் முன்பே வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கட்டணம் பெற்று வழங்கப் போவதாக அறிவித்தார். திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். இரசிகருள்ளும் இரு கட்சி. ‘முதல் நாள் முதல் காட்சியை நாற்காலியில் சாய்ந்துகொண்டா காண்பது?’ என்றனர் ஒரு சாரார்; ‘கூட்டத்தில் இடிபட முடியாத முதியோர் என்ன செய்வர்?’ என்றனர் மறு சாரார். அத்திட்டம் தள்ளிப்போடப்பட்டது. பின்னர் முற்றிலும் வேறொரு காரணத்தால் தமிழகத்தில் படத்துக்கு இரு வாரத் தடை வந்தது. கேரளத்திலோ ஜனவரி 25-ஆம் நாளே படம் திரைக்கு வந்துவிட்டது. கோவையிலிருந்து இரசிகர்கள் பாலக்காட்டுக்குப் படையெடுத்தார்கள். எப்போதும் தமிழ்ப் படத்துக்கும் தமிழ் ஏட்டுக்கும் கிழக்கே நோக்கிப் பழகிய எல்லையோரத் தமிழர்க்கு, கிழக்கிலிருந்து தமிழ்ப் படம் காண மேற்கே வந்த கூட்டம் ஒரு புதுமைக் காட்சி. உறவினர் ஒருவர் தொலைபேசியில் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். “அவங்களுக்கில்லாதது நமக்கு” என்னும் மகிழ்ச்சி அது. பையனின் துயரத்தைப் புரட்டிப் போட்டால் கிடைப்பது அதே நாணயம் அன்றோ!

2020-இல் பெருந்தொற்றின்போது இப்பூசல் மீண்டும் எழுந்தது. ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ ஆகிய படங்கள் அரங்கு காணாமல் அமேசான் வழியே வீடு புகுந்தன. அதை மேலும் விரிக்க வேண்டுவதில்லை, அனைவரும் கண்டதே.

நம் நெஞ்சில் நீண்ட நாள் நிற்பது பாலக்காட்டுச் சீமைக்கே உரிய வேறொரு கலை. எருத்தேன்பதியிலிருந்து மேற்கே சென்றால், பாரதப்புழைக் கரையில் பகவதி கோயில்களின் முன்னே கூத்துமாடம் என்னும் நீண்ட கட்டடத்தைக் காணலாம். அங்கே அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் இரவு முழுதும் தோற்பாவைக் கூத்து நடைபெறும். திரைக்குப் பின்னே வரிசையாகத் தேங்காய் மூடிகளில் விளக்கெரியும். தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் திரையில் ஆடும். கதை இராமகாதை. பாடல்களோ கம்பனுடையவை! மலையாள நாட்டின் நடுவே, புலவர் என்றே பட்டம் சூடிய கலைஞர்கள், கம்பனின் தமிழ்ப் பாடல்களை ஓதி, மலையாளமும் வடமொழியும் கலந்த நடையில் விடிய விடிய உரை விரிக்கிறார்கள். முழுக் கதைக்கு இருபத்தொரு இரவு வேண்டும் என்பது மரபு. சில கோயில்களில் அதனினும் மிகும்.

இக்கூத்தை யாருக்காக ஆடுகிறார்கள்? இராமன் இராவணனை வதைத்த வேளையில் காளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். ஆகவே அப்போரைக் காணும் பேறு அவளுக்குக் கிட்டவில்லை. அவள் காண வேண்டியே ஆண்டுதோறும் கூத்து. மாடத்தின் முகம் கோயிலை நோக்கியிருப்பதன் காரணமும் இதுவே. மனிதர் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இக்கலையைப் பற்றி எழுதிய நூல் 1996-இல் வெளிவந்தது. முன்னே ஆளில்லாத வெட்டவெளியை நோக்கிப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்ததே அவர் சிந்தனையை வெகுவாக ஈர்த்தது.

இரசிகரின் உரிமையைப் பற்றி எண்ணும்போது இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குத் தோன்றவில்லை. அங்கே கலைக்குரிய இரசிகை ஒருத்தியே. அவள் இடம் பெயர மாட்டாள், கட்டணம் தர மாட்டாள், கைதட்ட மாட்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்கின் பேரில் இருபத்தொரு இரவு விழிக்கிறார்கள். அப்படியிருக்க, கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கூத்தைக் கோயில் மாடத்திலிருந்து வெளி மேடைக்குக் கொண்டுவந்தார். இருபத்தொரு இரவை ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருக்க வேண்டியிருந்தது. பெயர்த்தெடுத்துச் செல்லத்தக்க திரை வேண்டியிருந்தது. அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் காந்தியடிகளின் வரலாற்றையும் பாவைகளாக வெட்டினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆடவர் மட்டுமே அமர்ந்த திரைக்குப் பின் அக்குடும்பத்துப் பெண்கள் அமர்ந்தார்கள். பாவைகளை எந்திரக் கைகளால் அசைக்கும் முயற்சியும் பாலக்காட்டில் நடந்துவிட்டது.

பெட்டிக்குப் பெட்டி, மாடத்துக்கு மேடை. இதைக் காளிக்கு இழைத்த துரோகம் என்று சொல்லலாமா? சொல்ல விரும்புவோர் இருக்கக் கூடும். நாம் சொல்ல மாட்டோம். ஏனெனில் மேடைக்குச் சென்ற அதே புலவர்கள், உரிய காலத்தில் மாடத்துக்குத் திரும்பி வந்து, ஆளில்லாத முற்றத்தை நோக்கி விளக்கேற்றுகிறார்கள். மேடை புதிதாகக் கிடைத்தது. வாக்கு பழையபடியே காக்கப்பட்டது. மேடையில் கிடைத்த பொருளும் புகழும் இல்லையேல் மாடத்தில் ஓதும் நாவே வற்றியிருக்கலாம். மாடத்தை அடைத்துவிட்டு மேடையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நம் தீர்ப்பு வேறாகியிருக்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு மீண்டும் அந்த விளையாட்டுகளுக்கு வருவோம். 2006 டிசம்பரில், டிராகன் குவெஸ்டின் ஒன்பதாம் பகுதி பெரிய பெட்டியை விட்டுக் கையடக்கமான நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வரும் என்று அறிவித்தார்கள். இரசிகர் கூட்டம் அதிர்ந்தது. கூடத்துப் பெருந்திரையில் கண்ட காவியத்தை உள்ளங்கையில் காண்பதா என்றனர். தொடரை உருவாக்கியவர்கள் கொண்ட கொள்கையோ, அந்நாளில் மிகுதியான மக்கள் கையில் எக்கருவி இருக்கிறதோ அதற்கே செல்வது என்பது. இதில் வாணிகம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஓர் அறமும் இருக்கிறது. பெருங்கருவி வாங்க இயலாத பிள்ளையின் கைக்கும் கதை போய்ச் சேருகிறது. கோபித்தவர்கள் தம் திரையின் அளவைக் குறித்தே கோபித்தார்கள். அப்பிள்ளையை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அதே அறிவிப்பில் மற்றொன்றும் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஆற அமர எண்ணிக் கட்டளையிட்டுப் போரிடும் பழைய முறையை விடுத்து, விரைந்து கைவீசிப் போரிடும் முறையைக் காட்டினார்கள். அதற்கும் எதிர்ப்பு எழுந்தது; அவர்கள் செவி சாய்த்தார்கள்; பழைய முறை திரும்பியது. 2009 ஜூலையில் வெளியான அவ்வாட்டம் ஜப்பானில் மட்டும் நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. இடம் மாறியதைக் குறைகூறியவர்களுள் மிகப் பலர் வாங்கி ஆடியிருக்க வேண்டும். இன்றேல் அவ்வெண் எட்டாது.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது நுட்பமானது. ‘எங்கே ஆடுவது’ என்பது ஆக்கியோன் உரிமை. ‘எதை ஆடுவது’ என்பதில் இரசிகனுக்கும் ஒரு பங்குண்டு. கம்பனின் பாடல்களை ஓதுவதாகச் சொல்லித் திரை கட்டிவிட்டு வேறெதையோ ஓதினால், முற்றத்தில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் கிழவனும் எழுந்து நின்று கேட்கலாம். மாடத்தை ஏன் தெற்கே கட்டினாய் என்று அவன் கேட்பதற்கில்லை. இப்பிரிவினை எப்போதும் இத்துணைத் தெளிவாக நிற்குமா என்றால், நிற்காது. 2012-இல் வந்த பத்தாம் பகுதி வலையிணைப்பின் வழியே பலர் கூடி ஆடுவதாயிற்று. திங்கள்தோறும் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. அங்கே இடத்தின் மாற்றமே பொருளின் மாற்றமாகிவிட்டது. தனியே அமர்ந்து கதைக்குள் வாழ விரும்பியவன் அயலார் நடுவே நிறுத்தப்பட்டான். இருபத்தொரு இரவு ஒரு மணி நேரமாகச் சுருங்கும்போதும் இத்தகைய ஐயம் எழத்தான் செய்கிறது. உரை விரிக்கும் புலவரின் கிளைக்கதைகளும், நள்ளிரவு நகைச்சுவையும், விடியற்காலைக் கம்மிய குரலும் மேடைக்கு வருவதில்லை. இவ்வையத்தை நாம் தீர்க்க முற்படவில்லை. தீர்ப்பவர் இருப்பின் அடுத்த மலரில் எழுதட்டும்.

எருத்தேன்பதிக்காரர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசின் பகுதி. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தது. தேவிகுளம், பீர்மேடு தமிழர்கள் தமிழகத்தோடு இணைய வேண்டிப் போராடியும் கேரளத்திலேயே நின்றார்கள். எம் முன்னோர் தம் காட்டையும் கிணற்றையும் விட்டு ஓரடியும் நகரவில்லை. சுற்றிலும் பெட்டிதான் மாறிற்று. ஆட்டம் மாறவில்லை. அதே உழவு, அதே தாலாட்டு, அதே ஒப்பாரி. இடம் மாறினால் பொருள் கெடும் என்போர்க்கு அவர்களே விடை.

நாமோ நகர்ந்தவர்கள். இங்கே இம்மண்டபத்தில் கூடியிருக்கும் நம்முள் எவரும், ‘எனக்கு மட்டுமே’ என்று ஓர் ஊர் நம்பியிருந்தவரே. படிக்க வைத்தால் ஊருக்குத் திரும்பி வந்து உழைப்பான் என்று நம்பிக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. நாம் அவ்வாறு வாக்குக் கொடுத்தோமா? வாயால் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. மேற்படிப்பு என்றோம், ஈராண்டு என்றோம், பின்னர்க் குழந்தைகளின் பள்ளி என்றோம். ஒவ்வோர் அறிவிப்பும் உண்மையே. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முகம் வெளிறுகிறது. கதை பெரிதாயிற்று, பாத்திரம் கொள்ளவில்லை என்று ஸ்குவேர் நிறுவனம் காட்டிய காரணத்தைத்தான் நாமும் காட்டினோம். அதை நாம் மெய்யென்றே நம்புகிறோம். மாடத்துக்குத் திரும்பி விளக்கேற்றும் புலவர்களைப்போல் ஆண்டுக்கொருமுறை திரும்பினோமா என்பதை அவரவர் கடவுச்சீட்டின் முத்திரைகளைப் புரட்டி எண்ணிக்கொள்ளலாம். நம்முடையதை எண்ணிப் பார்த்தோம். முதல் பத்தாண்டுகளில் மூன்று.

அன்றிரவு பத்து மணிக்குமேல் பையன் கதவைத் திறந்தான். பசி வென்றுவிட்டது. தோசைக் கல்லை மீண்டும் அடுப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு அவன் எதிரே அமர்ந்தோம். ஒருவர்க்குரியது பலர்க்கும் ஆவதில் இழுக்கில்லை என்றோம். ஆக்கியோன் எங்கும் செல்லலாம் என்றோம். தோற்பாவைக் கூத்தையும் காளியையும் பற்றிச் சொன்னோம். அவன் மூன்றாம் தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டிருந்தான். பிறகு தலை நிமிர்ந்து, “நீங்களும் அப்பாவும் ஊரை விட்டு வந்தப்போ அப்பாரு கோவிச்சுக்கிட்டாரா, பெரியப்பா?” என்றான்.

அப்பாரு ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறை வரை உடன் வந்து பேருந்தில் ஏற்றிவிட்டார். அந்த ஆண்டு அவர் தெற்குக் காட்டில் கடலைக்காய் போடவில்லை என்பதைத் தாயார் எழுதிய கடிதத்தில்தான் படித்தோம்.